பாதிச் சிரிப்பு

டீச்சரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், “என் பேர்ல என்ன சிரிப்பு இருக்குன்னு போட்டாரு அந்தத் தம்பி?” என்று கேட்பார். வருகைப் பதிவேடு வாசிக்கிற முகத்தோடு கேட்பார். மலைமேல் நான் இருந்த மூன்று வருடத்தில் அந்த முகம் மாறிப் பார்த்தது ஒரே தடவைதான்.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்த சூட்டோடு கொடைக்கானலுக்கு ஏறியவன் நான். பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. கடையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. மலைமேல் மிஷன்காரர்கள் நடத்திய சின்னத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டேன். வயது இருபத்திரண்டு. எதையும் எண்ணிப் பார்க்கிற வியாதி வேறு. படிக்கட்டு ஏறினால் எத்தனை படி என்று சொல்லாமல் இருக்கமாட்டேன்.

டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பு. நாற்பது தாண்டிய, ஒடிசலான, நிமிர்ந்த பெண்மணி. பெயர் கூப்பிடக் கூப்பிட ‘உள்ளேன் டீச்சர்’ என்று குரல் வரும். வந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் அழுத்தி ஒரு புள்ளி வைப்பார். பக்கத்து வகுப்பில் இருக்கும் எனக்கு அந்தப் புள்ளி காதிலேயே கேட்கும்.

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, சந்தைக்கு இறங்குகிற பாதையைப் பார்த்தபடி, ஒரு கரும்பலகை உண்டு. மற்ற நாளில் அதில் பள்ளி அறிவிப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது டீச்சருடையது. மாதா கோயில் பூசை முடிந்து வந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல், பலகையைத் துடைத்து மூன்று கட்டம் போடுவார். முதல் கட்டத்துக்கு மேலே ‘பூ’ என்று எழுதுவார். அடுத்தது ‘நாள்’. கடைசிக் கட்டம் ‘சிரிப்பு’.

பூக் கட்டத்தில் அந்த வாரம் மலையில் எது பூத்ததோ அது வரும். ‘பேரி பூத்தாயிற்று. இலை வரும்வரை பொறுக்கவில்லை, அவசரக்காரி.’ ‘ஏரிக்கு மேற்கே காட்டுப் பூவரசு சிவந்திருக்கிறது.’ நாள் கட்டத்தில் அவர் ஜாதி மதம் பார்த்ததில்லை. அர்ச். சூசையப்பர் திருநாளுக்குக் கீழேயே அமாவாசை வரும், அதற்குக் கீழே பிறை பார்க்கிற நாள் வரும். சந்தைக்கு வருகிற எல்லாருக்கும் ஒரு நாளாவது இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

கூட்டம் நிற்பதென்னவோ மூன்றாவது கட்டத்துக்குத்தான். ‘கூக்கால் பஸ் நேற்றுச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதனால் எல்லாரும் தவறவிட்டார்கள்.’ ‘இன்று கடும் மூடுபனி. எதிர்வீட்டுக்காரர் எழுந்துவிட்டாரா என்று தெரியவில்லை. இருமலை வைத்துப் பார்த்தால் எழுந்துவிட்டார்.’ எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் டீச்சரையே கேட்பார்கள். கூக்காலிலிருந்து மட்டக்குதிரையில் உருளைக்கிழங்கு கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் அதில் முதல் ஆள். “டீச்சரம்மா, இன்னிக்கு என்ன போட்டுருக்கு?” என்பார். டீச்சர் வாசிப்பார். பெரியவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். டீச்சர் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுவார்.

எங்கள் சிநேகம் ஒரு தவறில் ஆரம்பித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறே, பலகை முன்னால் நின்று, “டீச்சர், அமாவாசை நாளைக்கு இல்ல, நாளன்னைக்கு” என்றேன். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாக்பீஸை என் கையில் வைத்தார்.

“அப்ப நாள் கட்டத்த நீங்க பாத்துக்கிடுங்க தம்பி. பூவும் சிரிப்பும் எனக்குப் போதும்.”

அன்றிலிருந்து பஞ்சாங்கம் ஒரு கையும் கோயில் காலண்டர் ஒரு கையுமாக நான் நாளுக்கு அதிகாரி. அப்படித்தான் அவர்களுடைய விபூதிப் புதனைத் தெரிந்துகொண்டேன். பழனிக்காரனுக்கு ஆச்சரியமாகத்தானே இருக்கும்! “எங்க விபூதி உங்க கோயில்ல எப்படி டீச்சர்?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெனமும் கெடைக்கு. எங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கத்தான். அதான் பொட்டுப்போலப் பூசிக்கிறோம்.”

அந்தப் புதனிலிருந்து பாஸ்கு என்கிற ஈஸ்டர் ஞாயிறு வரை அவர்களுக்குத் தபசு காலம். யேசுவின் பாடுகளை நினைத்து ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. ரொட்டிக்கடைக்காரர் பீடியை விடுவார். பூசைக்கு மணி அடிக்கிற கோயில்பிள்ளை காபியை விட்டுவிட்டு நாற்பது நாளும் எல்லார்மேலும் எரிந்துவிழுவார். டீச்சர் சிரிப்பை விட்டார். மூன்றாவது கட்டம் தபசு முழுக்க வெறுமையாகக் கிடக்கும். மலையில் பூவெல்லாம் அப்போதுதான் பொங்கும். பிளம்ஸ் வெள்ளை, பீச் ரோஜா நிறம், பங்குனி பிறந்தால் ஜகரண்டா ஊதா. பூக் கட்டம் நிரம்பி வழியும். பக்கத்திலேயே காலிக் கட்டம்.

“ஏன் டீச்சர், எல்லாரையும்போலக் கறியை விடக்கூடாதா?”

“இருந்தாத்தான தம்பி விடுறதுக்கு. எங்கிட்ட இருக்குறது இது ஒண்ணுதான்.”

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, சிரிப்பில் பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது அவர் வழக்கம். மீதி பாஸ்கு அன்றுதான். ஊர் ஒன்றரை மாதம் அந்த மீதியைத் தேடும்.

டீச்சரின் வீட்டுக்காரர் பண்ணைக்காட்டுத் தோட்டங்களிலிருந்து காபி மூட்டை ஏற்றிய ஜீப் ஓட்டியவர். நான் அவரை அறிந்தபோதே ஜீப்பை விட்டிருந்தார். நெஞ்சு சரியில்லை. வரிசை வீட்டில் எனக்கு அடுத்த கதவு அவர்களுடையது. சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒவ்வொரு சிரிப்பும் பலகைக்குப் போகும் முன்னால் அவரிடம்தான் போகும். அவர் “ம்” என்றால் அது தேறவில்லை. சிரித்து இருமினால் ஞாயிறு அது பலகையில் ஏறும். தபசுக்கு முந்தின பாதிச் சிரிப்பின் மீதி மட்டும் அவருக்கும் பாஸ்கு விடிந்தால்தான்.

“எங்க கலியாணமே அப்படித்தான் வாத்தியாரே,” என்பார் என்னிடம். “பொண்ணு பாக்கப் போனேன். முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா பாருங்க. டம்ளர்க் காபி பூராவும் என் சட்டையில.”

என்ன சொன்னார் என்று மட்டும் இருவரும் சொன்னதில்லை.

என் மூன்றாவது வருடம், தபசு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பலகையில் இது வந்தது:

‘மூடுபனி. ஒருவர் ஏரிக்கரையில் நடந்து போனார். எதிரே யாரோ நிற்பது மங்கலாகத் தெரிந்தது. “ஏங்க, மணி என்னங்க?” என்றார். பதில் இல்லை. “உங்களைத்தாங்க, காது கேக்காதா?” என்றார். பதில் இல்லை. கோபம் வந்து கிட்டே போய்ப் பார்த்தால்...’

ஊருக்கு வேலை வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் போலீஸ்காரன் என்றார். கோயில்பிள்ளை பிசாசு என்றார். கூக்கால் பெரியவர், “குதிரைதான். என் குதிரையே ஒருக்க அப்படி நின்னுச்சு” என்று சத்தியம் செய்தார்.

புதன்கிழமை நெற்றியில் விபூதியோடு வந்த டீச்சர், வகுப்புக்குப் போகும் முன் என்னைத் தனியே கூப்பிட்டார். “மத்த வருசமெல்லாம் சும்மா ஒரு பழக்கத்துக்கு விட்டேன். இந்த வருசம் அவருக்காக நேந்திருக்கேன். பாஸ்கு வரைக்கும் என் வாயில இருந்து ஒரு சிரிப்பு வராது. அவரு எந்திரிச்சு ஒக்காரணும். நீங்க வெளயாட்டுக்குக்கூட எங்கிட்ட வாயக் கொடுக்கப்படாது, என்ன?”

தலையாட்டினேன்.

அவர் எழுந்து உட்காரவில்லை. வாரத்துக்கு வாரம் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே போனார். டாக்டர் வந்தால் டீச்சரை வாசலுக்கு வெளியே கூப்பிட்டுப் பேசுவார். டீச்சர் உள்ளே திரும்பி வந்து, “கான்வென்ட் மதிலோரம் ஜகரண்டா பூத்துருச்சுங்க” என்பார். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“பண்ணைக்காட்டுல காபி பூத்துருச்சா?”

“இன்னும் ஒரு மழை விழலியே.”

காபிக்கு ஒரு கோடை மழை விழவேண்டும். விழுந்த எட்டு ஒன்பது நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகிவிடும், மல்லிகைபோல வாசம் வரும், மூன்றே நாள். ஜீப்பில் அந்த வாசத்துக்குள் புகுந்து வருவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கிப் பாதியில் நின்றுபோகும்.

அப்படி ஒரு புதன்கிழமை சாயங்காலம். டீச்சர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

“வாத்தியாரே, பாஸ்குக்கு எத்தன நாள் கெடக்கு?”

எண்ணுகிற முட்டாள் உடனே எண்ணினேன். “பதினொண்ணு.”

கண்ணை மூடிக்கொண்டார். “அம்புட்டுத் தூரம் வண்டி போகாது. அந்த ஆளு யாருன்னு தெரியாமயே போயிருவேன்போல.”

“எந்த ஆளு?”

“பனிக்குள்ள நிக்கிறானே, அவன்தான். சிரிக்காதீங்க வாத்தியாரே. இருபது வருசமா மொதல்ல நான் கேட்டுத்தான் ஊரு கேட்டிருக்கு. இதுல மட்டும் ஊரு கேக்கும், நான் இருக்கமாட்டேன். அவகிட்டக் கேட்டுராதீங்க. நேந்துக்கிட்டுக் கெடக்கா.”

வீட்டுக்குப் போய்க் காலண்டரை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, கை சும்மா இருக்காது. விபூதிப் புதன் முதல் பாஸ்குக்கு முந்தின சனி வரை எண்ணினேன். நாற்பத்தாறு. தப்பாகிவிட்டதென்று திரும்ப எண்ணினேன். நாற்பத்தாறுதான். தபசு நாற்பது நாள் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? மிச்சம் ஆறு. காலண்டரில் ஞாயிறுகளைத் தொட்டுப் பார்த்தேன். ஆறு!

மறுநாள் வெள்ளனே, பிள்ளைகள் வரும் முன்பே, காலண்டரோடு டீச்சர் முன்னால் நின்றேன். சொல்லி முடிக்கவிடவில்லை.

“சிரிப்புக்குச் சந்து தேடுறீங்களா தம்பி? இதென்ன உங்க கணக்கு வகுப்பா? எங்க அம்மா ஞாயித்துக்கிழமையும் ஒருசந்திதான் இருந்தாங்க. நானும் அப்படித்தான். போயி சோலியப் பாருங்க.”

அவர் என்மேல் கோபப்பட்டது அது ஒன்றுதான். ஆனால் மதிய மணி அடித்ததும் குடைகூட எடுக்காமல் கோயில் மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்தேன். திரும்பி வந்து, காலி வகுப்பில், பிள்ளைகள் உட்காருகிற குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சாமியாருகிட்டக் கேட்டேன். ஞாயித்துக்கிழமை ஆண்டவர் உயிர்த்த நாளாம். அன்னைக்கு ஒருசந்தி கெடையாதாம். எப்பவுமே கெடையாதாம்.” முந்தானையை விரலில் சுற்றினார். “எங்க வீட்ல ஞாயித்துக்கிழமையும் அடுப்புல ஒண்ணும் இருக்காது தம்பி. அதையும் தபசுன்னே நெனச்சு வளந்துட்டேன்.”

எதிர்ப் பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன்.

“இருபது வருசமா ஆண்டவருக்கு வருசத்துக்கு ஆறு நாள் கூடக் குடுத்திருக்கேன். திருப்பிக் கேட்டாக் குடுப்பாரா?”

அது ஒரு சிரிப்பு. வியாழக்கிழமையில், தபசு காலத்தில், அவர் வாயிலிருந்து வந்த சிரிப்பு. அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

“அஞ்சு ஞாயிறு போச்சு. ஒண்ணு கெடக்கு,” என்றார்.

“இன்னைக்கே சொல்லிருங்க டீச்சர். எதுக்கு ஞாயிறு வரைக்கும்...”

“ஞாயித்துக்கிழமை ஆண்டவர் குடுக்குறது. வியாழக்கிழமை நானா எடுத்தா அது திருட்டு.”

அந்த மூன்று நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம், மழை இறங்கியது. “இன்னும் ஒம்பது நாள்ல பூத்துரும்,” என்றார் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

குருத்தோலை ஞாயிறு அன்று டீச்சர் பலகைப் பக்கமே போகவில்லை. பூசை முடிந்து, கையில் ஓலையோடு, நேராக வந்தார். என் வாசலைத் தாண்டும்போது, “வாங்க தம்பி. சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்” என்றார்.

ஓலையைச் சிலுவைக்குப் பின்னால் சொருகினார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமைக்கு ஒருசந்தி கெடையாதாம்.”

அவருக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று. “அப்ப சொல்லப்போறியா?”

“சொல்றேன்.”

“மொதல்ல இருந்து சொல்லு டீச்சரம்மா. பாதி வழியில ஏறுனா ருசிக்காது.”

டீச்சர் சொன்னார், பெயர் கூப்பிடுகிற அதே குரலில். மூடுபனி, ஏரிக்கரை, மணி என்னங்க, காது கேக்காதா. “கோவம் வந்து கிட்டப் போயிப் பாத்தா, தபால் பெட்டி. ‘மன்னிச்சுக்குங்க’ன்னு தொப்பியத் தூக்கிக் கும்புட்டுட்டு நடந்தாரு.”

நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு மட்டும் அந்த அறைக்குள் தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடியிருந்தார். “ம்” என்றுகூடச் சொல்லவில்லை. கம்பளி ஏறி ஏறி இறங்கியது.

“நல்லா இல்லியா?”

பதில் இல்லை.

டீச்சரின் கை கம்பளி ஓரத்தைத் தேடிப் பிடித்தது. “முன்னாடியே சொல்லியிருக்கணும். அஞ்சு ஞாயிறு இருந்துச்சு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. உங்கள எழுப்பி ஒக்காரவைக்கணும்னுதான்...” கம்பளியை அவர் தோள்வரை இழுத்துவிட்டார். “மன்னிச்சுக்குங்க.”

பதில் இல்லை. வெளியே சந்தைக்குப் போகிற ஆட்களின் சத்தம். நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல், தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல:

“பரவாயில்லங்க. மணி அஞ்சே கால்.”

என் கைக்கடிகாரத்தில் பத்தரை.

டீச்சர் சிரித்தார். முதலில் அது சிரிப்பென்றே எனக்குப் பிடிபடவில்லை. மூக்கால் ஒரு சத்தம், பிறகு விக்கல்போல ஒன்று, பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்களே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடக்கத் தெரியாமல், அப்படி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முக்காடு சரிந்தது. நாற்பது வயதுக்கு மேலான ஒருவரின் முகத்துக்குள் அப்படி ஒரு சிறுபெண் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

“இம்புட்டு வருசம் ஒன் சிரிப்புக்கெல்லாம் இருமியிருக்கேன்ல? எனக்குன்னு ஒரு வரி கெடையாதா?” என்றார்.

மறுநாள் நான் பழனிக்கு இறங்கவேண்டியிருந்தது. பாஸ்குக்கு முந்தின அவர்களுடைய பெரிய வாரமும் எங்கள் பங்குனி உத்திரமும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். காவடிக் கூட்டத்தில் அப்பாவுக்குக் கை போதாது. ஐந்து நாள் பஞ்சாமிர்தம் கட்டிவிட்டு, ஞாயிறு வெள்ளனே வத்தலக்குண்டு வழியாக மலையேறினேன். பண்ணைக்காடு பிரிவில் பஸ் தண்ணீர் ஊற்ற நின்றபோது ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. குதித்து இறங்கி, வேலியோரச் செடியில் ஒரு கொப்பை ஒடித்தேன். இலைக்கு இலை வெள்ளைக் கொத்து. “ஏன் தம்பி, ஒரு டம்ளர் காபிய ஒடிச்சுட்டீங்களே!” என்று டிரைவர் சத்தம் போட்டார். ஓடி ஏறிக்கொண்டேன். மேலே போகும்வரை அதை வெயில் படாமல் வேட்டி மடிப்பில் வைத்திருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரொட்டிக்கடைக்காரர் என் கையைப் பார்த்தார். “புதன்கிழமை வெள்ளனே போயிட்டாரு சார். வியாழன் காலையில அடக்கம்.”

கொப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் நின்றது, சத்தமில்லாமல். பாஸ்கு அல்லவா, பலகை எழுதப்பட்டிருந்தது. நாள் கட்டத்தில் என் வேலையையும் அவரே பார்த்திருந்தார்: ‘பாஸ்கு. நேற்று முன்தினம் பங்குனி உத்திரம்.’ சிரிப்புக் கட்டத்தில் சாக்பீஸ் அடர்த்தியாக இருந்தது. டீச்சர் வெள்ளைச் சேலையில் வாசல் தூணோரம் நின்றிருந்தார். எல்லாரும் படித்தாயிற்று, யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

கூக்கால் பெரியவர் குதிரையைப் பிடித்தபடி வந்தார். “தம்பி, என்ன போட்டுருக்கு? குதிரைதானே?”

நான் டீச்சரைப் பார்த்தேன். வாசிங்க என்பதுபோலத் தலையசைத்தார். வாசித்தேன்.

‘...கிட்டே போய்ப் பார்த்தால், தபால் பெட்டி. “மன்னிச்சுக்குங்க” என்று தொப்பியைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நடந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: “பரவாயில்லங்க. மணி அஞ்சே கால்.”’

பெரியவர் ஒரு நொடி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டு பின்வாங்கியது. அது மற்றவர்களைத் தொற்றியது. ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “உஷ், டீச்சர் நிக்கிறாங்க” என்று யாரோ அடக்கப் பார்த்தார்கள்.

“சிரிக்கட்டும்,” என்றார் டீச்சர்.

பக்கத்தில் வந்தார். மெதுவாக, “கடைசி வரி என்னுது இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் டீச்சர்.”

என் கையிலிருந்த கொப்பைப் பார்த்தார்.

“பூத்துருச்சா?”

“பூத்துருச்சு.”

வாங்கி ஒருமுறை முகர்ந்தார். பலகையின் அடிச்சட்டத்தில் வைத்தார். அப்போதுதான் பூக் கட்டம் வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன். அந்த வாரம் அவர் எங்கே பூப் பார்க்கப் போயிருப்பார்? சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தார்: ‘பண்ணைக்காட்டில் காபி பூத்தது’

கீழே சந்தைப் பக்கம் யாரோ யாரிடமோ, “ஏங்க, மணி என்னங்க?” என்று கேட்டார்கள். உச்சி வெயில். நாலைந்து குரல்கள் சேர்ந்து, “அஞ்சே கால்!” என்றன.

டீச்சரின் கை நின்றது. பிறகு, வந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் வைப்பதுபோல, அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.